ஆதாரம் இல்லாத தாத்தா

மச்சினன் குமரனை ஒரே வரியில் கவிழ்த்துவிடுவது என்று பாலசுந்தரம் முடிவு செய்தார்.

குமாரபாளையத்தில் அவர்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அதற்கு விழா மலர் ஒன்று அச்சடித்துப் போடுகிறார்கள். குடும்பத்துக்கு ஒரு பக்கம், அவரவர் வம்ச வரலாறு எழுதிக் கொடுக்கலாம். போன தடவை மலரில் ஆளாளுக்கு அள்ளிவிட்டதில், ஒரே கோபுரத்தை நாலு தாத்தாக்கள் தனித்தனியாகக் கட்டி முடித்திருந்தார்கள்.

பாலசுந்தரம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்தார்.

"எந்த வரி எழுதினாலும் ஆரு சொன்னது, எதுல பாத்ததுன்னு கீழயே போடோணும். ஆதாரம் இல்லாத வரியை அடிச்சுப்போடோணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியவன் குமரன். அது ஒன்றுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

'இந்தத் தெருவுக்கு முதல் விசைத்தறி கொண்டுவந்தது எங்க தாத்தா' என்று குமரன் கல்யாண வீட்டிலும் சொல்வான், கருமாதி வீட்டிலும் சொல்வான். கொண்டுவந்தது தன் தாத்தா என்பது பாலசுந்தரத்தின் கட்சி. தாலி கட்டிய நாளிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது. இப்போதுதான் தீர்ப்பு வரப்போகிறது.

அவர் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பேனா பிடித்தால் எழுத்து சாய்ந்து படுத்துக்கொள்ளும். மனைவி சாரதாமணிக்கு முத்து முத்தான எழுத்து. அவளை உட்காரவைத்தார். அவள் குமரனின் தங்கைதான். இருந்தாலும் வேறு ஆள் இல்லை.

"எழுதிக்க. எங்க தாத்தன் தறியைத் தலையில தூக்கிட்டுக் காவேரியை நீந்தி வந்தாரு."

"விசைத்தறிங்களா?"

"ஆமா."

"இரும்புங்களே. முழுகலைங்களா?"

"அந்தக் காலத்து ஒடம்பு புள்ள."

"செரிங்க. இதை ஆரு சொன்னது?"

"எங்கப்பன். ஒரு தீவாளிக்கு."

"காத்தாலைங்களா, பொழுது சாஞ்சுங்களா?"

"அது எதுக்கு உனக்கு?"

"மாமனாரு காத்தால சொன்னா ஒரு பேச்சுங்க, பொழுது சாஞ்சு சொன்னா வேற பேச்சுங்க. ஒரு தீவாளிக்கு என்னையவே மாரியாத்தான்னு நெனச்சு உளுந்து கும்புட்டவருங்க."

பாலசுந்தரம் யோசித்தார். "பொழுது சாஞ்சுன்னு மட்டும் எழுதாத."

"அப்ப வரியே நிக்காதுங்க." அடித்தாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "உங்கண்ணன் மட்டும் என்னத்தைக் கிழிச்சு வெச்சிருக்கான்?"

"போட்டோ இருக்குதுங்க. எங்க தாத்தா தறிக்குப் பக்கத்துல நிக்கறாரு. பின்னால தேதி, புடிச்ச ஸ்டுடியோ பேரு எல்லாம் இருக்குதுங்க."

"பக்கத்துல நின்னா ஆச்சா? நான்கூட ஈரோட்டுல ரயிலு இஞ்சின் பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சேன். ரயிலு என்னுதா?"

"இல்லைங்க. டிக்கெட்டே எங்கண்ணன் எடுத்ததுங்க."

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். அவள் விடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. வாய்ப்பேச்சு போனாப் போகுது, பேரு வெட்டின சாமான் ஏதாச்சும் இருக்குதான்னு பாருங்க. சமையக்கட்டுப் பரண்ல உங்க பரம்பரைப் பித்தளை அத்தனையும் கெடக்குது."

பரம்பரை என்ற சொல் வேலை செய்தது. அந்தப் பாத்திரங்களை இறக்கித் தரச்சொல்லி அவள் ரெண்டு பொங்கலாகக் கேட்டபோதெல்லாம் முழங்கால் வலிக்கிறது என்றவர், இப்போது பல்லிமாதிரி ஏணியில் ஏறினார். அண்டா வந்தது. தவலை வந்தது. கொப்பரை வந்தது. தூசியில் அவர் தலைமுடிகூட ஒரு தலைமுறை மூத்துவிட்டது.

சாரதாமணி புளி போட்டுத் தேய்த்தாள். அண்டாவின் கழுத்தில் எழுத்துப் பளிச்சென்று வந்தது.

"படிங்க."

"அங்கம்மாளுக்கு... அப்பா சீர்... ராசிபுரம்."

"உங்கம்மா கொண்டாந்ததுங்க. அடுத்தது?"

"மயிலம்மாளுக்கு... அண்ணன் தம்பிகள் சீர்... தாரமங்கலம்."

"உங்க பாட்டிங்க."

"எங்க தாத்தன் பேரு ஒன்னுலயும் இல்லியா?"

"குடுக்கறவங்கதானுங்களே பேரு வெட்டுவாங்க? வாங்கறவங்க எதுல போய் வெட்டறது?"

அவர் கடைசிச் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் யார் பேரும் இல்லை. முகம் மலர்ந்தது. "இது எங்க தாத்தனுதுதான்!"

"அது பழனியில நான் வாங்குனதுங்க."

பாலசுந்தரம் சொம்பைக் கீழே வைத்தார். ஆனால் தோற்றவன் போல் காட்டிக்கொள்ளக் கூடாது.

"செரி. ஆதாரம் இருக்கறதை மட்டும் எழுதி நீயே குடுத்துரு. ஒன்னே ஒன்னு, நம்ம பக்கம் உங்கண்ணன் பக்கத்தைவிட நீளமா இருக்கோணும்."

"அதுக்கு நான் பொறுப்புங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மலர் வந்தபோது குமரன் பக்கம் பாதியில் நின்றுபோயிருந்தது. பாலசுந்தரம் வீட்டுப் பக்கம் அடி வரைக்கும் நிறைந்திருந்தது. டீக்கடையில் நாலு பேர் பார்க்க மலரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

ராசிபுரம் அங்கம்மாள், அவர் பிறந்த வீடு, கொண்டுவந்த சீர். ஆதாரம்: அண்டா. தாரமங்கலம் மயிலம்மாள், அவர் அண்ணன் தம்பிகள். ஆதாரம்: தவலை. அப்புறம் சாரதாமணி. இந்தத் தெருவுக்கு முதல் விசைத்தறி கொண்டுவந்தவரின் பேத்தி. ஆதாரம்: எதிர்ப்பக்கத்தில் குமரன் கொடுத்த போட்டோ.

அவர் கண் வேகமாகக் கீழே இறங்கியது. தாத்தா இல்லை. அப்பா இல்லை. பக்கத்தின் அடியில், தொட்டால் கிழிந்துபோகும் ஓரத்தில், அவர் பேர் இருந்தது.

'பாலசுந்தரம்: சாரதாமணியின் கணவர். ஆதாரம்: சாரதாமணி.'