மூச்சு டீச்சரும் நாலடி வராந்தாவும்

பம்பாய் மாட்டுங்காவில் மூச்சு விடுவதற்குக்கூட ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றால், அது எங்கள் டிரில் டீச்சரிடம்தான். அதனால் அவர் மூச்சு டீச்சர். உண்மையான பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது.

அறுபதுகளில் டிரில் என்றால் ஒன், டூ சொல்லிக் கையைத் தூக்கி இறக்குவது. டீச்சரோ ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில், பெண்கள் குழுவாகச் செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸ் படங்கள் நான்கைப் பார்த்துவிட்டார். ஆறு பேர் ஒரே உடம்பு போல வளைய வேண்டும். ஓர் அசைவு முடிவதற்குள் அதிலிருந்தே அடுத்தது பிறக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு எப்படிப் போவது என்பதை அவரே கண்டுபிடித்தார். வலி மட்டும் எங்கள் இடுப்பில்.

“யாருடி அது, தனியா அழகா பண்றது? ஆறு பேருக்கும் ஒரே மூச்சு!”

எனக்கு நாலு பேர் முன்னால் தனியாக நிற்கவே பயம். ஆறு பேருக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் சேர்ந்தேன். தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்த அப்பா, “ஏட்டி, சர்க்கஸ்ல சேரப் போறியோ?” என்று தடுத்தார். டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். அப்பா அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“மூச்சைப் பிடிச்சுண்டு தூக்கறேளே, முதுகு போயிடும். கீழ வையுங்கோ.”

அப்பா வைத்தார்.

“முட்டியை மடக்கி, மூச்சை விட்டுண்டே எழுந்திருங்கோ.”

சாமான் வாங்க வந்தவர்கள் முன்னால் அப்பா மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தார். பிறகு என்னிடம், “நீ சேர்ந்துக்க பிள்ள. இல்லன்னா நாளைக்கும் வந்துருவாவ” என்றார்.

“பள்ளிகளுக்கான போட்டியில ஒரு பரிசாவது வரணும். இல்லேன்னா பழைய டிரில்தான்” என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். டீச்சர், “வந்துடும் சார்” என்றார். நம்பிக்கை இழக்கத் தெரியாத ஒருவரோடு சேர்ந்தால், அந்த வேலையையும் மற்றவர்கள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் தினமும் பார்த்தேன்.

பள்ளி விட்டதும் மைதானத்தில் பையன்களின் கிரிக்கெட். எங்களுக்கு மாடி வராந்தா. அகலம் நாலடி. கையை வீசினால் சுவர், காலை வீசினால் கம்பி. ஆறு மாதத்தில் எதிலும் இடிக்காமல் ஆறு பேரும் வளையக் கற்றோம். டீச்சர் கண் கலங்கினார்.

போட்டி நாளில் எங்களை ஒரு பெரிய மைதானத்தின் நடுவில் நிறுத்தினார்கள். விசில் ஒலித்தது. ஒருவர் பின் ஒருவராக, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, அந்த நாலடிக்குள்ளேயே எல்லாவற்றையும் செய்து முடித்தோம். இல்லாத சுவரில் ஒருத்திகூட இடிக்கவில்லை.

“அரே, இதுங்க இன்னும் லோக்கல் ரயில் நெரிசல்லேர்ந்து இறங்கலையா?” என்றது ஒரு குரல். மைதானமே சிரித்தது. பரிசு இல்லை. ஹெட்மாஸ்டர் எங்களைப் பார்க்காமலே போனார்.

அழுதுகொண்டு நின்ற எங்களிடம் டீச்சர், “இவ்வளவு இடம் இருக்கும்னு நான் சொல்லவே இல்லையேடி. தப்பு என்னுது” என்றார்.

திங்கட்கிழமை காலை பழைய டிரில். டீச்சர் உயிரில்லாத குரலில் “ஒன்” என்றார். பள்ளி முழுவதும் வெடுக்கென்று கையைத் தூக்கியது. நாங்கள் ஆறு பேரும் வேறு வேறு வரிசையில் இருந்தோம். பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. எங்கள் பன்னிரண்டு கைகளும் இடுப்பிலிருந்து மெல்ல எழுந்து, முழு நீளத்துக்கு விரிந்தன.

டீச்சர் “டூ” சொல்ல வெகுநேரம் ஆயிற்று.