கலண்டர் தாளுக்குப் பின்னால் சிரித்தவள்

வேலையில்லாத பட்டதாரிக்கு வீட்டில் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பட்டம் எடுத்து வந்த புதிதில் 'எங்கட புள்ள' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்கள், அரசாங்க நியமனம் இழுபட இழுபட, 'சும்மாதானே இரிக்காய், வெங்காயத்த உரி' என்ற நிலைக்கு இறங்கிவிட்டார்கள். கல்முனைக் கடைத்தெருவில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்வி: "இன்னும் ஒண்டும் சரிவரல்லியா புள்ள?" (இல்லை மாமி, சரிவந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்கிறேன்.)

அந்த நேரத்தில்தான் ஒரு தனியார் பாடசாலையில் சித்திர ஆசிரியை தேடினார்கள். நான் படித்ததோ புவியியல். சித்திரத்தில் எனக்கிருந்த ஒரே தகுதி சாதாரணதரப் பரீட்சையில் எடுத்த 'ஏ'. ஆனாலும் விண்ணப்பித்தேன், நேர்முகத்துக்கும் கூப்பிட்டார்கள். புகழ்பெற்ற ஓவியம் ஒன்றை வைத்துக்கொண்டு கோடு, வடிவம், ஒளிநிழல், தூரநோக்கு, குவிமையம் போன்ற அடிப்படைச் சொற்களைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது போலப் பேசிக் காட்ட வேண்டுமாம். எந்த ஓவியம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கைமேல் கை வைத்துக்கொண்டு, சிரிக்கிறாளா இல்லையா என்று உலகத்தையே குழப்புகிறாளே ஒருத்தி, அவளுடைய படம்தான். இதிலும் கோட்டை விட்டால் நான் மனுசியே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். (விட்டேன்.)

படத்தைப் பெரிதாக அச்சடித்து வந்து என் அறைச் சுவரில் ஒட்டினேன். உம்மா தொழுவதும் அதே அறையில்தான். மத்தியான லுஹருக்குத் தொழுகைப் பாயை விரிக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதாரு புள்ள, இவ?"

"படிக்கிற படம் உம்மா."

"உருவப் படம் இரிக்கிற ஊட்டுக்குள்ள மலக்குமார் வரமாட்டாங்க. கழத்து இத." வானவர்களின் வழியை நான் மறித்துவிட்டேனாம்.

"உம்மா, வேல உம்மா! வேல!"

வேலை என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு மதிப்பு. உம்மா பாயைக் கீழே வைத்தார். மறுகா, பழைய கலண்டர் தாளில் முட்டை வடிவமாக ஒரு துண்டை வெட்டி, பசை பூசி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய அவளுடைய முகத்தில் கச்சிதமாக ஒட்டிவிட்டார். "இப்ப படி. மூஞ்சி எதுக்கு ஒனக்கு?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உலகத்துக்கே தெரிந்த முகத்தை யாராவது உட்கார்ந்து பாடமாக்குவார்களா? (இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் பட்டம் எடுத்திருக்கிறேன்.) மிச்சத்தை வெறிபிடித்துப் படித்தேன். இடப்பக்கம் வளைந்து வளைந்து போகிற பாதை, அது கோடு. உடம்பும் கைகளும் சேர்ந்து முக்கோணமாக நிற்பது வடிவம். சட்டைக் கையின் மடிப்புகளில் ஒளிநிழல். பின்னாலிருக்கிற மலைகள் தூரம் போகப் போக நீலமாக மங்குகின்றன. சம்மாந்துறை வயலில் நின்று மேற்கே பார்த்தால் அப்படித்தான் தெரியும். அது தூரநோக்கு. படத்தைப் பார்த்ததும் கண் முதலில் போய் விழுகிற இடம் குவிமையம். இந்த வரைவிலக்கணத்தை வெங்காயம் உரிக்கும்போதும் சொல்லிச் சொல்லி உருப்போட்டேன்.

நேர்முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்: பாடசாலையின் அதிபரம்மா, வெளியூரிலிருந்து வந்திருந்த சித்திர ஆசிரியரான ஒரு சேர். எதிரே அந்தப் படம். நான் பேசினேன், அப்படிப் பேசினேன்! பாதையில் நடந்தேன், பாலத்தைக் கடந்தேன், மலையைச் சுற்றினேன், சட்டை மடிப்பில் இறங்கினேன். அதிபரம்மா தலையாட்டத் தலையாட்ட, ஆசிரியர் அறையில் எனக்கென்று ஒரு மேசை போட்டிருப்பது கண்ணுக்குள் தெரிந்தது.

சேர் மெல்லக் கையைத் தூக்கினார். "மகள், எல்லாம் சரி. இந்தப் படத்துல ஒரு பொம்புளயும் இரிக்கா. கண்டீங்களா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். தாள் இல்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா இல்லையா என்று உலகம் இன்னும் சண்டை பிடிக்கிறதாம். எனக்கு அந்தச் சந்தேகமே இல்லை. சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

"முகத்தப் பத்திச் சொல்லுங்களன்."

"சேர், எங்கட ஊட்டுல அது மூடி இரிக்கி."

"என்ன?"

"உம்மா கலண்டர் தாள் ஒட்டிட்டா சேர். தொழுற அறை."

அதிபரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், நல்ல மனுசன், கரைசேர்க்கத்தான் பார்த்தார். "சரி, பயப்படாதீங்க. குவிமையம் எங்க? உங்கட கண் முதல்ல எங்க போகும்?"

"கலண்டர் தாளுக்கு, சேர்."

"விடை சரிதான் மகள்," என்றார். "படம்தான் வேற."

வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து அழுதேன். "எல்லாம் உங்களாலதான் உம்மா!"

"மூஞ்சியத்தானே மூடின? அவட கையையும் காலையும் வெச்சி ஒரு வேல எடுக்க ஏலாமப் போச்சா?"

"அந்தப் படத்துல காலே இல்ல உம்மா!"

ஆத்திரத்தில் தாளைப் பிடித்து இழுத்தேன். முகமும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. உம்மா மாவும் வெந்நீரும் சேர்த்துக் காய்ச்சிய பசை, அவ்வளவு உறுதி.

கொஞ்ச காலத்தில் எனக்கொரு சம்பந்தம் வந்தது. தரகர் விறாந்தையில் இருந்துகொண்டு மாப்பிள்ளையின் புகழைப் பாடினார். இறக்காமத்தில் வயல், நல்ல குடும்பம், ஐந்து நேரமும் தொழுகிற பிள்ளை, சிகரெட் வாசமே தெரியாது. வாப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி. அந்தக் கலண்டர் தாளக் கழத்துங்க. மாப்புள என்ன வேல?"

தரகருக்குத் தாள் விளங்கவில்லை, கேள்வி விளங்கியது. இருமினார். "பட்டதாரி. நியமனம் வரும், இன்ஷா அல்லாஹ்."

அவரைத்தான் கட்டினேன். என்னைப் பற்றி அவர்கள் வீட்டில் என்ன சொல்லப்பட்டது என்பது கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. 'சித்திர டீச்சராகப் போற புள்ள' என்றாராம் என் உம்மா. எங்கள் பக்கமும் நல்ல உறுதியான பசைதான்.

இப்போது ஒரே வீட்டில் இரண்டு பட்டதாரிகள். வெங்காயத்தைப் பங்கு போட்டு உரிக்கிறோம். பெருநாளைக்கு வருகிற மாமிமார் இனிப்பு வட்டிலப்பத்தைக் கையில் எடுத்ததும் கேட்பார்கள்: "ரெண்டு பேரும் இப்ப என்ன செய்றீங்க?"

"தாள் இன்னும் ஒட்டித்தான் இரிக்கி மாமி," என்பார் என் மாப்பிள்ளை.

வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த நேரத்தில் நான் சிரிக்கிறேனா இல்லையா என்பதை என் முகத்தைப் பார்த்து இதுவரை யாராலும் சொல்ல முடிந்ததில்லை.