சமையலறைக் குடியரசு

கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் மின்சார மீட்டரின் சக்கரம் அசையவே இல்லை.

லாக்லன் மீட்டரை விரலால் தட்டினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ம்ஹூம்.

"எவ்வளவு ஓடியிருக்கு?" சமையலறையிலிருந்து மனைவி இஷ்பெல் குரல் கொடுத்தாள்.

"இரு, பார்த்துச் சொல்றேன்."

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், தனிநாட்டு வாக்கெடுப்பு வந்த அந்த செப்டம்பரில் எல்லா வீட்டிலும் இதே சண்டைதான். ஸ்காட்லாந்து தனிநாடானால் சொந்தக் காலில் நிற்குமா, லண்டன் கஜானா இல்லாமல் தள்ளாடுமா? இஷ்பெல் தனிநாட்டுக் கட்சி. லாக்லன் அதற்கு எதிர்க்கட்சி. கத்திக் கத்தித் தொண்டை கட்டியபின், வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. சமையலறை ஸ்காட்லாந்து, மற்ற அறைகள் இங்கிலாந்து. ஒரு நாட்டை அணைத்துவிட்டு மற்ற நாட்டின் மின்செலவை அளக்க வேண்டும். அதிகம் தின்னும் நாட்டுக்காரர், தெருப்பக்க ஜன்னலிலிருந்து தன் சுவரொட்டியைக் கழற்றிவிட வேண்டும். சனிக்கிழமை ஊர்வலம் அந்தத் தெருவழியாகத்தான் போகிறது. ஊரே பார்க்கும்.

சமையல்தான் கரண்ட்டை விழுங்கும் என்று நம்பி லாக்லன் பந்தயத்துக்குக் கைகொடுத்திருந்தார்.

இப்போது படுக்கையறை ஹீட்டரைப் போட்டார். சக்கரம் பம்பரமாய்ச் சுழன்றது.

"பார்த்தியா? ஊதாரி யாரு, லண்டனா, நாங்களா?"

"மீட்டர்ல ஏதோ கோளாறு."

"கணக்கு பிடிக்கலைன்னா கணக்குப்பிள்ளை மேல பழியா?"

"சரி, ஆளுக்குப் பாதின்னு வெச்சுக்கலாம்."

"ஆஹா! எங்க கடல்ல எண்ணெய் கிடைச்சா லண்டனுக்கு, பற்றாக்குறை வந்தா ஆளுக்குப் பாதி!"

லாக்லன் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். அவள் தலையில் செலவை ஏற்றிவிடும் திட்டம்.

"அகதியா வர்றியா? வா, எங்க நாட்டில தாராளமா இடமிருக்கு."

ஹீட்டர் அனலாய்க் கொதித்தது. மீட்டர் தூங்கியது. மின் அடுப்பையும் சலவை இயந்திரத்தையும் சேர்த்துப் போட்டார். மீட்டர் குறட்டை விடாத குறை.

சேதி பரவிற்று. வெள்ளிக்கிழமை மாலை இஷ்பெலின் கட்சித் தோழிகள் நான்கு பேர் அந்த அதிசய மீட்டரைப் பார்க்க வந்தார்கள். அவள் தட்டுத் தட்டாக ஸ்கோன் ரொட்டி சுட்டு அடுக்கினாள். லாக்லன் ஜன்னலோரம் நின்று சுவரொட்டியின் மூன்று மூலைகளைப் பிய்த்திருந்தார்.

இஷ்பெல் தேநீர்க் கோப்பையை உயர்த்தினாள். "என் சமையலறையில பற்றாக்குறைங்கிற பேச்சே கிடையாது! ஒரு தனிநாடுன்னா..."

சமையலறை இருண்டது. படுக்கையறை விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது.

"லாக்லன்! இது சதி!"

"நான் கையே வைக்கலை!"

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுப் பெட்ரி, கையில் டார்ச்சோடு மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"ஏம்மா, இப்ப உங்க சமையலறையில கரண்ட் போச்சா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் மெயின் ஸ்விட்சை இப்பத்தான் அணைச்சேன். ஒரு வாரமா என் மீட்டர் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது. முன்ன மாடியும் கீழயும் ஒரே வீடா இருந்துச்சில்ல? பிரிச்சவன் சுவரை எழுப்பினான், வயரைப் பிரிக்க மறந்துட்டான். உங்க சமையலறை என் மீட்டர்லதான் ஓடுது."