காருக்குக் குளிர் பூட்டிய கதை

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் குழம்புவதற்குச் சாதகம், சீதனம், எப்போதோ நடந்த வேலிச் சண்டை என்று மரியாதையான காரணங்கள் பல இருந்தன. என் அக்கா பவளத்தின் சம்பந்தம் குழம்பப் பார்த்தது வெயிலால்.

மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் வாத்தியார். கிளிநொச்சிக்கு மாற்றலாகி வர இருந்தார். படத்தைப் பார்த்தவுடனேயே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. (அந்தப் படத்தை அவள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சோறு போடுபவள் அவள் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.) சாதகமும் பொருந்திற்று. ஆனால் மாப்பிள்ளையின் தாயார் தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்.

"வன்னி வெக்கைக்குள்ளை என்ரை பிள்ளை எப்பிடி இருக்கிறது? யோசிக்க வேணும்."

நாங்களும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து ஸ்கந்தபுரத்தில் வந்து குடியேறியவர்கள்தான். ஆனால் நாலு போகம் நெல் வெட்டியதும் சொந்தக்காரர்களே எங்களைக் காட்டுக்குள் இருப்பவர்களாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

தரகர் இதைச் சொன்னபோது அக்கா குசினிக் கதவோடு நின்றாள். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வெயிலுக்கு ஏன் பயப்பிடுகினம்? எங்கட காருக்குள்ளை குளிர்ப்பெட்டி இருக்கு. ஸ்டேசனிலை ஏறினா வீடு வரைக்கும் நுவரெலியாவிலை வாற மாதிரி வரலாம் எண்டு சொல்லுங்கோ."

தரகர் அப்படியே போய்ச் சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று பதிலும் வந்தது.

நான் சொன்னது பொய்யில்லை. குளத்து வேலைக்கு வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய காரை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அதன் பின் ஜன்னலில், இடப்பக்கம், ஒரு தகரப்பெட்டி தொங்கிற்று. அடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு கயிற்றை இழுத்தால் உள்ளே இருக்கும் மெத்தை நனையும். கார் ஓடும்போது முன்பக்கத்தால் காற்றுப் புகுந்து, நனைந்த மெத்தைக்குள்ளால் வந்து, உள்ளே இருப்பவர்கள்மேல் குளிராக வீசும். பெட்டி இருக்கிறது என்பது உண்மை. அது வேலை செய்யாது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

கழற்றிப் பார்த்தால் மெத்தை இருந்த இடத்தில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கிளிநொச்சியில் கார் திருத்துபவரிடம் கொண்டு ஓடினேன்.

"இது சீமைச் சாமான், தம்பி. இதுக்குள்ளை போடுற மெத்தை இஞ்சை கிடையாது. கொழும்பிலை எடுப்பிக்கலாம். அந்தக் காசுக்கு நீங்கள் இந்தக் காரை விக்கவேண்டி வரும்."

அப்பாவிடம் கேட்டேன். "மோர் கரைச்சுக் குடுப்பம். குளிருறவை அதிலை குளிரட்டும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் அந்தோனி அகப்பட்டான். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு கொண்டு வந்து சந்தையில் விற்கும் என் கூட்டாளி. என் கதையைக் கேட்டவன், மூட்டை அவிழ்த்த சாக்கு ஒன்றை உதறி என் கையில் தந்தான்.

"இதை மடிச்சு உள்ளுக்கு அடை, மச்சான். நல்லாத் தண்ணி இழுக்கும்."

"மணக்காதோ?"

"கழுவிக் காயப்போடு. காஞ்சா மணக்காது."

அந்தச் சாக்கை நான் கழுவிய மாதிரி என் வேட்டியைக்கூட ஒருநாளும் கழுவியதில்லை. சவுக்காரம் போட்டேன், சாம்பல் போட்டேன், தேசிக்காய் பிழிந்து தேய்த்தேன். வேலியில் போட்டு மொறுமொறுவென்று காய்ந்தபின் அம்மாவிடம் கொடுத்து மணந்து பார்க்கச் சொன்னேன். சவுக்காரம்தான் மணக்கிறது என்றார். போதாதென்று சந்தனத்தூளும் தூவிப் பெட்டிக்குள் அடைத்தேன். கயிற்றை நீட்டி, நான் இருந்த இடத்திலிருந்தே இழுக்கிற மாதிரிக் கட்டினேன். ஓட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. பெற்றோலுக்கும் அப்பாவிடம்தான் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ரயிலால் மூன்று பேர் இறங்கினார்கள். தாயார் பட்டுச்சேலையில், விசிறியோடு. மாப்பிள்ளை படத்தில் இருந்ததைவிட மெலிவு. தகப்பனார் பென்சன்காரர், ஊர்க் கோயிலுக்கு ட்ரஸ்டி, நெற்றி நிறையத் திருநீறு. மீன், இறைச்சியென்று மச்சம் எதையும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து பல வருடமாம். அதைத் தரகர் எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். கச்சான் காற்று நெருப்பாக அடித்தது. தாயாரைப் பெட்டிக்குப் பக்கத்தில் பக்குவமாக இருத்தி, மாப்பிள்ளையை முன்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

கயிற்றை இழுத்தேன். முதலில் வந்தது சந்தனம். கண்ணாடியில் பார்த்தேன். தாயார் கண்ணை மூடியிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு, தம்பி. கோயிலுக்குள்ளை இருக்கிற மாதிரி."

அந்தப் புகழ்ச்சியில் கயிற்றை இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன். (ஒரு இழுப்போடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் நான் நானாக இருந்திருக்க மாட்டேன்.) சாக்கு முழுவதும் நனைந்தது. அதோடு முல்லைத்தீவுக் கடற்கரை முழுவதும் எழும்பிக் காருக்குள் வந்துவிட்டது.

காற்றுக் கூடுதலாக வந்தால் மணம் போய்விடும் என்று வேகத்தைக் கூட்டினேன். கூடுதலாக வந்தது மணம்தான். தாயார் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்லத் தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ. ரயிலிலை கை கழுவப் போறன் எண்டு எழும்பிப் போனியள். என்ன சாப்பிட்டனீங்கள்?"

"நானோ? நான் தண்ணி குடிச்சனான்."

"வெள்ளிக்கிழமை. பொம்பிளை பாக்கப் போற வழி. உண்மையைச் சொல்லுங்கோ."

தகப்பனார் காற்றை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். தன் வாயைக் கையால் மூடினார். மனிதர் உடைந்துபோனார்.

"ஒரு கட்லட். மீன் கட்லட்தான். அதுவும் சின்னன்."

கார் வாய்க்கால் பக்கம் போய்த் திரும்பியது. மாப்பிள்ளை தன் தகப்பனை முதன்முதலாகப் பார்ப்பவர்போலத் திரும்பிப் பார்த்தார்.

"இதுதான் முதல் தரமோ?"

"பென்சன் எடுக்கப் போற நாளிலை… அந்தக் கந்தோருக்கு எதிர்ப்பக்கக் கடையிலை…"

"ஒவ்வொரு பென்சனுக்குமோ?" என்று தாயார் கேட்டார்.

"ஓம்."

இப்போது நான் வாய் திறக்க வேண்டும். ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மனிதர் தப்பிவிடுவார். சொன்னால் அக்காவின் கலியாணம் இந்த ரோட்டிலேயே முடிந்துபோகும். வாயைத் திறந்தேன், மூடினேன். திறந்தபோதெல்லாம் கருவாட்டு மணம் உள்ளே போனதுதான் மிச்சம்.

எனக்குப் பதில் மாடுகள் முடிவெடுத்தன. திருப்பத்தில் ஒரு பட்டி மாடு ரோட்டை மறித்து நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. தேநீர் நிறத்தில் அப்படியே பெட்டியை விட்டுக் கிளம்பித் தாயாரின் மடியில் ஊற்றுண்டது.

அவர் பட்டுச்சேலையில் ஒட்டியிருந்த ஒன்றை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மீன் செதில்.

"தம்பி, இது என்ன?"

"சாக்கு, அம்மா."

"என்ன சாக்கு?"

"கருவாட்டுச் சாக்கு. கழுவினது."

மாடுகள் மணியை ஆட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தன. பிறகு தகப்பனார் மிகவும் மெல்லிய குரலில் கேட்டார்:

"அப்ப மணந்தது நானில்லையோ?"

அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசும்.

வீட்டு வாசலில் பன்னீர்ச்செம்போடு நின்ற அம்மா, இறங்கி வந்த கோலத்தைக் கண்டு செம்பைத் தவறவிட்டார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் காருக்குப் பின்னால் போய் ஒதுங்கினேன். அறைக்குள் குனிந்த தலையோடு இருக்க வேண்டிய அக்கா நேரே வெளியே வந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கக்கூட இல்லை.

"வாங்கோ மாமி, முதல்லை முழுகுவம்" என்று தாயாரின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

வாளி வாளியாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு தாயார் ஏதோ கேட்பதும் அக்கா சொல்வதும் கேட்டது. பிறகு அக்கா அடக்கமாட்டாமல் சிரித்த சத்தம். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து வந்தது இரண்டு பேர் சிரிக்கும் சத்தம்.

அம்மாவின் நூல்சேலையை உடுத்து, ஈரத்தலையோடு கதிரையில் வந்து இருந்தார் தாயார்.

"கிணத்துத் தண்ணி ஐஸ் மாதிரி. எங்கட தண்ணி போலை உவர்ப்பும் இல்லை. என்ரை பிள்ளை இருப்பான். நல்ல நாளாப் பாருங்கோ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கலியாணத்தண்டைக்கு மட்டும் அந்தத் தம்பி கார் ஓட வேண்டாம்" என்றார்.

அந்தோனியைப் பிடித்து உலுப்பினேன். "காஞ்சா மணக்காது எண்டுதானே சொன்னனான்? நனைச்சுப்போட்டு என்னட்டை வாறாய்" என்றான்.

கட்லட் சாப்பிட்டவர் கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை. சேலை நனைந்ததற்காக அல்ல. "அந்த மாடுகளை ஒரு நிமிசம் முந்திக் கண்டிருக்கக் கூடாதோ, தம்பி?" என்று காணும்போதெல்லாம் கேட்பார். பென்சன் எடுக்கப் போகிற நாளில் அக்காவின் மாமியும் கூடப் போகத் தொடங்கியிருந்தார்.

எங்கள் இரு குடும்பத்திலும் யாராவது எதையாவது ஒளித்தால் இன்றைக்கும் ஒரே கேள்விதான்: "சாக்கை நனைக்கட்டோ?" பிள்ளைகள் உடனே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். போன கிழமை என் மனைவி வாசலில் வைத்து அதைக் கேட்டாள். வைத்தியர் வேண்டாமென்ற லட்டைச் சந்தியில் நின்று தின்றதை, முதல்நாளும் தின்றதை, அதற்கு முதல்நாளும் தின்றதை எல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்தேன். அவள் கேட்க வந்தது, குடையை எங்கே விட்டேன் என்று.