தனராஜ் வீட்டு மந்திரிசபை

தனராஜ் வாத்தியாருக்கு மத்தியானத் தூக்கம்தான் சொத்து. பென்ஷனைக்கூட ஒரு மாதம் விட்டுக்கொடுப்பார். தூக்கத்தை விடமாட்டார். சித்தூர் வீட்டில், ஹாலில், அவருடைய சாய்வு நாற்காலி. அதற்கு நேர்மேலே ஒரு மின்விசிறி. அந்த வீட்டில் காற்று வரும் விசிறி அது ஒன்றுதான். மற்றவை சும்மா சுற்றும். சாப்பிட்ட கையோடு சாய்ந்தால், அவர் எழுந்த பிறகுதான் உலகம் மறுபடி நடக்க வேண்டும்.

அந்தச் சொத்துக்கு ஒரு சனிக்கிழமை ஆபத்து வந்தது. மனைவி லோயிஸ் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"திங்கக்கிழமைலேர்ந்து கோயில் கொயர் பாட்டு பிராக்டீஸு நம்ம வூட்டு ஹால்லதான். பொம்பளைங்க சங்கம் மொத்தமும் வருது. தினம் மத்தியானம். கிறிஸ்மஸ் வரைக்கும்."

கிறிஸ்மஸுக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது.

"யாரைக் கேட்டு?"

"ஐயரம்மா கேட்டாங்க."

"நீ யாரைக் கேட்டேன்னு கேட்டேன்."

"ஐயரம்மாவே கேட்டப்புறம் நான் யாரைப் போய்க் கேக்கறது?"

ஐயரம்மா என்றால் சபைப் போதகரின் மனைவி. அந்த அம்மாள் உச்சத்தில் பாடினால் பக்கத்துத் தெருவில் மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளும்.

"முடியாதுன்னு சொல்லிடு."

"நான் மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

ஐயரம்மாவிடம் முடியாது என்று சொன்ன ஆண்பிள்ளை அந்தச் சபையில் இன்னும் பிறக்கவில்லை. தனராஜ் ரசத்தைக் குடித்தார். முடியாது என்று லோயிஸ் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். எப்படி?

ரசம் தீர்வதற்குள் வழி கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் அவர் நடத்தியது சோஷியல். அதிலும் மந்திரிசபைப் பாடம் என்றால் உயிர். அந்தப் பாடம் வரும் நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போவார்.

சாயங்காலம் எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். எல்லாரும் என்றால் லோயிஸ், மகன் டைட்டஸ், மருமகள் கேசியா. டைட்டஸுக்குத் திருப்பதியில் ஒரு பேங்கில் வேலை. கேசியா திருப்பதிப் பெண். வாயைத் திறந்தால் பாதி தெலுங்கு.

"இனிமே இந்த வூட்ல மந்திரிசபை ஆட்சி," என்றார் தனராஜ்.

"இத்தினி நாளா இன்னா ஆட்சி நைனா?" என்றான் டைட்டஸ்.

அவர் நேராக இலாகா பிரித்தார். டைட்டஸுக்கு நிதி. கேசியாவுக்கு வெளியுறவு.

"அவுனா மாமா? எங்கம்மா வூடும் அதுல வருதா?"

"வரும். லோயிஸ், உனக்கு உணவு. நான் பிரதமர்."

"உங்களை யாரு பிரதமர் ஆக்கினது?" என்றாள் லோயிஸ்.

"சபையில யாருக்கு மெஜாரிட்டி இருக்கோ அவர்தான் பிரதமர்."

"உங்களுக்கு இருக்கா?"

"அடுத்த பாடத்துக்குப் போகலாம்."

லோயிஸ் விடவில்லை. "ஓட்டு உண்டா?"

மூன்று பேர் ஒரு பக்கம், தான் ஒரு பக்கம். இந்தக் கணக்கை தனராஜ் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

"கேபினட்ல கை தூக்கற வழக்கமெல்லாம் கிடையாது. எல்லாரும் பேசலாம். கடைசியா பிரதமர் எல்லாத்தையும் தொகுத்து முடிவு சொல்லுவார். அதுதான் எல்லாருக்கும் முடிவு."

"பிடிக்கலேன்னா?"

"உள்ளே எவ்வளவு வேணும்னாலும் சண்டை போடு. வாசல்படி தாண்டினா ஒரே குரல். எதிர்த்துப் பேசின மந்திரியும் இது என் முடிவுதான்னு ஊருக்குச் சொல்லணும். அதுக்குப் பேரு கூட்டுப் பொறுப்பு. சொல்ல மனசில்லேன்னா ராஜினாமா பண்ணணும்."

"பிரதமருக்கும் அதே சட்டமா?"

"அவருக்குத்தான் முதல்ல."

திட்டம் இவ்வளவுதான். நாளைக் கூட்டத்தில் எல்லாரும் பேசட்டும். கடைசியில் ஹால் கிடையாது என்று இவர் தொகுத்துவிடுவார். அந்த முடிவை லோயிஸே ஐயரம்மாவிடம் போய்ச் சொல்லியாக வேண்டும்.

"நாளைக்குக் கோயில் முடிஞ்சு, சாப்பாடு ஆனதும் முதல் கூட்டம். ஹால் விஷயம்."

"சரே," என்றாள் லோயிஸ்.

அவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. பையன் தலையாட்டினால் பாடம் புரிந்துவிட்டது என்று நினைப்பது வாத்தியார் புத்தி.

ஞாயிற்றுக்கிழமை கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். களி உருண்டை வழக்கமாகக் கிரிக்கெட் பந்து அளவு இருக்கும். அன்றைக்குக் கால்பந்து.

"இன்னும் ஒண்ணு துன்னுங்க," என்றாள் லோயிஸ். "பிரதமர் நெறைய பேசணும். தெம்பு வேணாவா?"

தின்றார். மேலே ஒரு சொம்பு மோரும் குடித்தார். சாய்வு நாற்காலியில் தலைமை வகித்தார். விசிறியைக் கேசியா முழு வேகத்தில் வைத்தாள்.

"மந்திரிங்க பேசலாம்," என்றார்.

டைட்டஸ் எழுந்து வட்டி விகிதத்தைப் பற்றி ஆரம்பித்தான். ஒரே சுருதி. அவன் இவ்வளவு பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. தனராஜ் கண்ணை மூடிக் கவனித்தார். ரொம்ப நேரம் கவனித்தார்.

கண்ணைத் திறந்தபோது காபி வாசனை அடித்தது.

"யாரு அடுத்துப் பேசறது?"

"கூட்டம் முடிஞ்சிடுச்சே," என்றாள் லோயிஸ். "ஹாலு கொயருக்கு. அவங்களுக்கு டீயும் நம்ம வூட்டுதுதான்."

"யாரு சொன்ன முடிவு?"

"நீங்கதான் சொன்னீங்க. கொயருக்கு ஹாலும் குடுக்கலாம், டீயும் குடுக்கலாம், சரிங்களான்னு கேட்டேன். உம்னீங்க."

தனராஜ் சொல்லியிருப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து லோயிஸ் எதைச் சொன்னாலும் அவர் காது கேட்காது, வாய் மட்டும் உம் சொல்லும். அந்தப் பழக்கத்தால்தான் இத்தனை வருஷம் நிம்மதியாகப் பேப்பர் படித்தார்.

"நான் தூங்கிக்கினு இருந்தேன்!"

"தலைமை நாற்காலியிலதான தூங்கினீங்க?"

"செல்லாது! மறுபடியும் கூட்டறேன்."

"ஐயரம்மாவுக்கு ஃபோன் பண்ணிட்டேன் மாமா," என்றாள் கேசியா. "வெளியுறவு நான்தான? பிரதமரே ஒத்துக்கினாருன்னு சொன்னேன். ஸ்தோத்திரம்னாங்க."

"நான் போய் இல்லேன்னு சொல்றேன்."

"வாசல்படி தாண்டினா ஒரே குரல்," என்றாள் லோயிஸ்.

"அப்போ நான் ராஜினாமா!"

டைட்டஸ் தலையைச் சொறிந்தான். "நைனா, பிரதமர் ராஜினாமா பண்ணா மொத்த மந்திரிசபையும் கவுந்துடும். நீங்கதான் எனக்கு நடத்தினீங்க."

லோயிஸ் உடனே எழுந்தாள். "அப்போ உணவுத்துறையும் இல்ல. நான் குடிபாலாவுல எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிக்கினு வரேன். டைட்டஸு, வண்டிய எடு. மீந்த கோழிக் குழம்பையும் ஒரு டப்பாவுல போட்டுக்கறேன்."

தனராஜ் ராஜினாமாவை வாபஸ் வாங்கினார்.

ஆனால் பிரதமர் கையில் இன்னொரு ஆயுதம் இருந்தது. காபி குடிக்கும்போது ஞாபகம் வந்தது. டீ இல்லாத கொயர் எத்தனை நாளைக்கு நிற்கும்? மூன்றாம் நாள் ஆளுக்கொரு தலைவலி வரும். நான்காம் நாள் ஐயரம்மா மட்டும் வருவாள். அடுப்பு தன் கையில் இருந்தால் போதும்.

"இலாகா மாற்றம்!" என்றார். "பிரதமர் இஷ்டம். யாரும் கேக்க முடியாது. உணவுத்துறை இனிமே என்கிட்ட."

லோயிஸ் முந்தானையில் கையைத் துடைத்தாள். உள்ளே போய் கேஸ் லைட்டரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்போ நான் இன்னா மந்திரி?"

"இலாகா இல்லாத மந்திரி."

"வேலையே இல்லாத மந்திரியா? நெஜமாவே அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"இத்தினி வருஷமா சொல்லாமயே வெச்சிருந்தீங்களே!"

கேசியா வகுப்பில் கேட்பதுபோல விரலைத் தூக்கினாள். "ஒரு சந்தேகம் மாமா. பழைய மந்திரி இருந்தப்போ கேபினட்ல எடுத்த முடிவு புது மந்திரியையும் கட்டுமா?"

தனராஜ் வாயைத் திறந்தார். கட்டாது என்று சொல்லியிருக்கலாம். கேட்பாரில்லை. ஆனால் எதில் பொய் சொன்னாலும் பாடத்தில் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"கட்டும்," என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் டீயும் அந்த முடிவில் சேர்த்தி என்பது மண்டையில் ஏறியது.

திங்கட்கிழமை மத்தியானம் சங்கம் மொத்தமும் வந்து இறங்கியது. ஐயரம்மா நேராகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீங்களே முன்ன வந்து ஹால் குடுத்தீங்களாமே. யாரு செய்வாங்க இந்தக் காலத்துல!"

"எங்க வூட்ல ஒருமனதா எடுத்த முடிவும்மா," என்றார் தனராஜ். ஒரே குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார்.

பாட்டு ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுக்களையில் பிரதமர் பால் பொங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். பொங்கி அடுப்பை அணைத்தது. லைட்டரை எட்டுத் தடவை தட்டி மறுபடி பற்றவைத்தார். ஹாலில், விசிறிக்கு நேர்கீழே, இலாகா இல்லாத மந்திரி காலை நீட்டி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். முதல் சரணம் முடிந்தது. அவள் தலையைத் திருப்பிக் குரல் கொடுத்தாள்.

"உணவுத்துறை! ஐயரம்மாவுக்குச் சக்கரை போடாதீங்க!"

"உம்," என்றார் தனராஜ்.