ஈசானிய மூலைக்கு ஏறிய தண்ணீர்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ஸ்பிளிட் ஏசி வாங்கியது. காட்டுக்குக் கரண்ட் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். சிங்கம் பேசும் என்றால் நம்புகிறீர்கள், கரண்ட்டுக்கு மட்டும் என்னவாம்?

ஏசி மாட்ட அய்யாக்கண்ணு என்ற கீரி வந்தது.

"நாளைக்கு மத்தியானம் பக்கத்துக் காட்டுச் சம்பந்தியம்மா முதல் தடவையா வர்றாங்க. குகை ஜில்லுனு இருக்கணும். ஏதாவது கோளாறு ஆச்சோ, விருந்துல கீரி வறுவல்தான்" என்றது சிங்கம்.

அய்யாக்கண்ணு வாலைச் சுருட்டிக்கொண்டு வேலையில் இறங்கியது. ஆனால் என்ன, பிறப்பில் கீரி என்றாலும் வேலையில் புலி. காப்பர் பைப்பை நசுங்காமல் வளைத்தது. முனையைப் பூப்போல விரித்து, நட்டை இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்கியது. உள்ளே இருந்த காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கேஸைத் திறந்தது. மூட்டில் சோப்பு நுரை தடவி, கேஸ் கசிகிறதா என்று பார்த்தது. ஒரு குமிழ்கூட வரவில்லை. ஆகா, என்ன வேலை! யாராவது பார்த்தார்களா? ஊஹூம்.

பாக்கி இருந்தது தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப் மட்டும். தென்மேற்கில் பாறை சரிவாக இறங்கியது. அந்தப் பக்கம் விட்டால் தண்ணீர் தானாக ஓடிவிடும். கீரி துளை போடக் கையை ஓங்கியது.

"நிறுத்துய்யா!"

பார்த்தால், பச்சோந்தி பலவேசம். காட்டின் வாஸ்து நிபுணர்.

"கன்னி மூலையில தண்ணியை வெளியே விட்டா குடும்பம் விளங்குமா? வடகிழக்கே, ஈசானிய மூலைக்குக் கொண்டு போ."

"ஐயா, அந்தப் பக்கம் மேடு. பைப்பு சரிஞ்சு இறங்க வாட்டம் வேணும். தண்ணி மேல ஏறாதுங்க."

"சாஸ்திரம் பெருசா, தண்ணி பெருசா?"

சிங்கம் பிடரியைக் கோதிக்கொண்டு யோசித்தது. "சாஸ்திரம்தான்" என்றது. வறுபடப் போவது அது இல்லையே!

கீரி இன்னொரு தடவை வாயைத் திறந்தது. சிங்கம் அதை மோந்து பார்த்தது. கீரி பைப்பை மேட்டுப் பக்கம் தூக்கிக் கட்டியது.

மறுநாள் சம்பந்தியம்மா வந்து, ஏசிக்கு நேர் கீழே மரியாதையாக உட்கார்ந்தார். "அடடா, என்ன குளிர்ச்சி!" என்றார். சிங்கம் பூரித்துப் போனது.

சொட்.

சம்பந்தியம்மாவின் உச்சந்தலையில் விழுந்தது. இன்னொரு சொட். சமையல்காரக் கரடி மெதுவாகக் கடாயை எடுத்தது. "அய்யோ, சாயங்காலம் வந்துடுறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வந்தேனே!" என்று, மூலையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கீரி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

பழி அடுத்து யார் மேல் வரும் என்று பலவேசத்துக்குத் தெரியாதா? பச்சை, மஞ்சள் என்று மாறி, கடைசியில் காவியாக நின்றது.

"தீர்த்தம்! ஈசானியத் தீர்த்தம்! மேட்டுல ஏறாத தண்ணி, ஏறி, திரும்பி, அம்மா தலையைத் தேடி வந்திருக்கு!"

சம்பந்தியம்மா சட்டென்று எழுந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினார். குடித்தார். மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். "எங்க வீட்டு ஏசி வெறுமனே குளிருது. ஒரு சொட்டு உண்டா?" என்று கண் கலங்கினார். "இதை மாட்டின மகராசன் யாரு?"

"நம்ம அய்யாக்கண்ணுதான்!" என்று சிங்கம் கீரிக்குப் பொன்னாடை போர்த்தியது. பொன்னாடை வால்வரை தொங்கியது. சாயங்காலத்துக்குள் குகை வாசலில் குடமும் சொம்புமாக வரிசை.

மறுவாரம் கீரி குகை வாசலில் நிற்கும்போது ஒரு முயல் சண்டைக்கு வந்தது. "நீ மாட்டின ஏசி மூணு வருஷமா ஒரு சொட்டு விடலையே! என்னை நல்லா ஏமாத்திட்டியேய்யா!"

வாட்டம் என்றால் என்ன என்று விளக்கக் கீரி மூச்சை இழுத்தது. அப்போதுதான் வரிசையில் கரடி நிற்பதைப் பார்த்தது. தீர்த்தம் பிடிக்க, கையில் அதே கடாய்.

கீரி வாயை மூடிக்கொண்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, முயல் வீட்டு பைப்பைத் தூக்கிக் கட்டக் கிளம்பியது.

நீதி: ஏசியை ஒழுங்காக மாட்டினால் உங்களை ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒழுகும்படி மாட்டுங்கள், அதற்கு முன் பக்கத்தில் ஒரு பச்சோந்தி நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.