குழியின் மேல் ஒரு கதிரை

கண்டிப் பக்கத்தில் குழி வெட்டுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு குழி வெட்டுகிற மனிதர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் பகுதியில் யாருக்கும் தெரியாது. தோளில் எந்நேரமும் மண்ணைக் குத்திப் பெயர்க்கிற நீண்ட இரும்பு அலவாங்கு இருக்கும். ஆளுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

"மண்ணு கீழதானே இருக்கு, ஹெல்மெட்டு எதுக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"கீழ இருந்து வர்றதுக்கு சப்பாத்து, மேல இருந்து வர்றதுக்கு ஹெல்மெட்டு. தேங்கா உங்ககிட்ட கேட்டுட்டா விழும்?" என்றார். எங்கள் வளவில் தென்னை மரமே கிடையாது.

அவரைக் கூப்பிட வேண்டிய நெருக்கடி அப்பாவால் வந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று எத்தனையோ காலமான மனிதர். மறதி முற்றியதில் திடீரென்று சட்டையை மாட்டிக்கொண்டு, "வேலைக்கு நேரமாச்சு" என்று ரோட்டுக்கு இறங்கிவிடுவார். எங்கள் வீடு கெலிஓயாவில் மெயின் ரோட்டு வளைவில் இருக்கிறது. அங்கே கம்பளை பஸ்கள் வருகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு நாள் பிரேக் சத்தம் கேட்டு ஓடி, நடுரோட்டிலிருந்து அவரை இழுத்து வந்தேன். அன்றோடு எனக்கும் என் மனைவிக்கும் தூக்கம் போயிற்று. வாசலுக்குக் கேட் போட்டே ஆகவேண்டும். வெல்டிங் கடையில் கேட் தயார், தூண் நடக் குழிதான் பாக்கி.

"சீக்கிரம் முடிச்சிருங்க அண்ணே" என்றேன். அதுதான் தப்பு.

"சீக்கிரமா? அப்ப வேற ஆளப் பாருங்க!"

கெஞ்சி நிறுத்தினோம். உடனே விசாரணை ஆரம்பமானது. தண்ணிக் குழாய் எந்தப் பக்கம் போகிறது, கரண்ட் வயர் புதைத்திருக்கிறதா, பழைய கக்கூஸ் குழி ஏதும் இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். "நாங்க ஒன்னுமே பொதைக்கல அண்ணே" என்று என் மனைவி அழாத குறையாகச் சொன்னாள். பிறகு ஹெல்மெட்டோடு குப்புறப் படுத்து, தரையில் காது வைத்துக் கேட்டார். "சுத்தமான மண்ணு" என்று தீர்ப்புச் சொல்லி எழுந்தார். முதல் குத்திலேயே பக்கத்து வீட்டு ஹாஜியாரின் தண்ணீர்க் குழாய் பீறிட்டது.

ஹாஜியார் கையில் வாளியோடு ஓடி வந்தார். "என்ன வேல இது! தொழுகைக்கு வுளு எடுக்க எனக்குத் தண்ணியில்ல, இங்க ஆறு ஓடுது!"

அலவாங்கு அசரவில்லை. "அது இருக்கட்டும் ஹாஜியார், உங்க பைப்பு எதுக்கு இவங்க காணிக்குள்ள வந்திச்சு? மொதல்ல அதச் சொல்லுங்க."

ஹாஜியாருக்குக் கோபம் அப்படியே அடங்கிவிட்டது. குழாயை ஒட்டி முடியும் வரை அவரே அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். குற்றவாளி நீதிபதியானதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

ஆனால் அவர் வெட்டிய குழியைப் பார்த்தால் திட்ட மனம் வராது. மண்ணெல்லாம் சாக்கு விரித்து அதன்மேல், குழி வாயிலிருந்து எட்டத்தில். சுவர்கள் கேக் வெட்டியது போல நேராக இறங்கி, அடியில் மட்டும் கொஞ்சம் அகன்றிருக்கும். "காங்கிரீட்டு உள்ள போய் உக்காந்திச்சின்னா யான வந்து இழுத்தாலும் வராது" என்பார். யானை எதற்கு எங்கள் கேட்டை இழுக்கப்போகிறது என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது குழியும் முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தூண் நடுவது நாளைக்குத்தான் என்றுவிட்டார். இரண்டு குழியையும் கனத்த பலகைகளால் மூடி, மேலே ஏறித் தானே குதித்துப் பார்த்தார். ஒன்றின்மேல் மண் மூட்டையை வைத்தார். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், அப்பா அறையில் தூங்கிக்கொண்டிருக்க, ஹாலிலிருந்த அப்பாவின் பிரம்புக் கதிரையைத் தூக்கி வந்து மற்றதன்மேல் போட்டார். அந்தக் கதிரையில் அப்பா யாரையும் உட்கார விடமாட்டார்; மருமகள் துடைப்பதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

"ஐயோ, மாமாட கதிர! நனையுமே! பின்னால ஒடஞ்ச ஸ்டூல் ஒன்னு இருக்கு அண்ணே" என்று என் மனைவி பதறினாள்.

"ஒடஞ்சத வச்சா வர்றவன் ஒதச்சித் தள்ளிட்டுப் போவான், தங்கச்சி. நல்ல கதிரன்னா மரியாதையா சுத்திப் போவான். நா காலம்பற வர்ற வரைக்கும் அது அங்கதான் இருக்கணும்."

அலவாங்கு போனதும் கதிரையை உள்ளே எடுக்கலாம் என்றாள் அவள். எடுத்தது தெரிந்தால் மனிதர் தூண் நடாமலேயே போய்விடுவார் என்று நான்தான் தடுத்தேன். நனையாதிருக்க ஒரு பொலித்தீனை மட்டும் போட்டு மூடினேன்.

மழை விட்டதும் அப்பாவை எழுப்பத் தேத்தண்ணியோடு போனவள், "இங்க வாங்க! மாமாவக் காணோம்!" என்று கத்தினாள். கட்டில் காலி. கொடியில் கிடந்த சட்டையும் இல்லை. அதே நேரம் வளைவில் பஸ் ஹோர்ன் நீளமாக அலறியது. வெறுங்காலோடு வாசலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது.

அப்பா கதிரையில் உட்கார்ந்திருந்தார். பொலித்தீனை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு. அவருக்கு ஓர் அடி முன்னால் கம்பளை பஸ் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனது.

"என்னடா ஓடி வர்ற? என் கதிரய யாரோ ரோட்டுல வச்சிட்டானுங்க. எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்னு ஒக்காந்துக்கிட்டேன். இன்னைக்கு வேலைக்கு லீவு."

நான் அந்த ஈரத்தில், அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். உடைந்த ஸ்டூலாக இருந்திருந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

மறுநாள் அலவாங்கிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பலகை அசைஞ்சிச்சா?" என்றார்.

"இல்ல அண்ணே."

"அசையாது" என்றவர், ஹெல்மெட்டின் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டார். தூண் இரண்டும் நிமிர்ந்து நிற்கும் வரை அதைத் திறக்கவே இல்லை.

கேட் வந்துவிட்டது. கொண்டி விழுகிற சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு இப்போது தூக்கமே வருகிறது. அலவாங்கு இந்தப் பக்கம் வேலைக்கு வந்தால் எங்கள் தூண்களைத் தட்டிப் பார்க்காமல் போகமாட்டார். அப்பாவுக்கு என் பெயர்கூடச் சில நாள் மறந்துபோகிறது. ஆனால் அந்த ஹெல்மெட் தலை கேட்டுக்கு மேல் தெரிந்தவுடன், எழுந்து தன் கதிரையைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்.